அக்காவின் இடம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு

அன்புள்ள அக்காவுக்கும், கண் மங்கிய உனக்கு இதை வாசித்துக் காட்டப்போகும் அத்தானுக்கும், தம்பி பணிவுடன் எழுதுவது. நான் நலம் என்றால் பொய்யாகிவிடும். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. அத்தான், உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

அக்கா, கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருந்து காத்திருந்து, ஒரு கண் ஏற்கெனவே இருட்டு என்று டாக்டரே முன்னே தள்ளி, எங்கள் ஆஸ்பத்திரிப் பட்டியலில் நீ மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தாய் அல்லவா? இப்போது இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டாம் இடத்தில் இருக்கிறாய். காரணம் நான்தான்.

அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பெர்ல் மொழிக் கம்ப்யூட்டர் புரோகிராம் நான் எழுதியது. இறந்தவர்கள் பெயரை நீக்கி மற்றவர்களுக்குப் புது எண் கொடுக்கும் எஸ்.க்யூ.எல். ஸ்கிரிப்ட் மட்டும் தனி ஃபைலில் இருக்கிறது, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. அதைப் புரோகிராமுக்குள் எடுத்து எழுதச் சோம்பல்பட்டு, வெளியிலேயே ஓடவிட்டேன். அதற்கு முன் பழைய பட்டியலை, அது இருக்கும் டேட்டாபேஸிலேயே ஒரு காப்பி எடுத்து வைத்தேன், நான் என்ன முட்டாளா. ஓடி முடித்ததும் பார்த்தால், எல்லாரும் அகரவரிசையில் நிற்கிறார்கள். முந்தாநாள் பதிவு செய்தவர் முதலிடத்தில். அப்பா உனக்கு 'வ'வில் பெயர் வைத்தாரே, அவரைச் சொல்லி என்ன பயன். அப்போதும் நான் பதறவில்லை. 'உறுதி செய்' என்று சொல்லும்வரை டேட்டாபேஸில் செய்த எதையும் திரும்பப் பெறலாம், அதற்கு ரோல்பேக் என்று பெயர். கொடுத்தேன். ஆனால் வெளியே ஓடிய அந்த ஸ்கிரிப்ட் என் வழியாகவா போனது? தனக்கென்று தனி இணைப்புப் போட்டு உள்ளே போய், வேலையை முடித்து, உறுதியும் தானே செய்துவிட்டு வந்துவிட்டது. என் ரோல்பேக் நான் செய்ததை மட்டும்தான் அழிக்கும். நான் செய்து, உறுதி செய்யாமல் வைத்திருந்தது அந்தக் காப்பி ஒன்றுதான். அதுதான் போயிற்று.

மேனேஜர்கிட்ட போய் நின்னேன்.

"டெஸ்ட் மெஷின்ல ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"அங்க வரிசை சரியா வந்துச்சா?"

"அங்க ஒரே ஒரு பேஷன்ட்தான் சார் இருக்காரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுக்கிட்டே இருந்தார். அக்கா, உன் கண்ணை நானே கெடுத்த மாதிரி இருக்கு, சோறு இறங்கல.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. அந்த ஆசியில் எனக்கு யாராவது ஏதாவது மிச்சம் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
உன் தம்பி என்று சொல்லிக்கொள்ளக் கூசும்
தம்பி

பி.கு.: தபாலில் போடுமுன் ஆபரேஷன் வார்டு ஹெட் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "கம்ப்யூட்டர் பட்டியலா? அத யாரு தம்பி பாக்குறா? டாக்டர் சொல்றத நோட்டுல எழுதி வச்சு, அதப் பாத்துத்தான் கூப்பிடுறேன்" என்றார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உனக்கு ஆபரேஷன், வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். மேலே எழுதியதை மறந்துவிடு. ஒன்பது வருடமாக அந்தப் பட்டியலைக் கட்டிக் காத்தேன் அக்கா. உனக்குக் கண் தெரியப்போகிறது, சந்தோஷப்படத்தான் வேண்டும். படுகிறேன், கொஞ்சம் நேரம் கொடு.