மல்லாட்டைத் தயிர்

பசுமாடு என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஐந்தாவது முறை எழுந்த அன்று, நான் பாலைத் துறப்பது என்று முடிவு செய்தேன்.

என் பெயர் ஜம்புகுமார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எண்பத்திரண்டில் வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தேன். பின்பக்கம் கொஞ்சம் காலி இடம் விட்டேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். எனக்கு அது காலி இடமாகத்தான் தெரிந்தது. என் மனைவி கனகமாலாவுக்கு மட்டும் மாட்டுக் கொட்டகையாகத் தெரிந்தது.

"என் தம்பி கிட்ட சினைமாடு ஒண்ணு இருக்குதுங்க. ரெண்டு வாரத்துல கன்னு போட்டுடுமாம். நமக்கே குடுக்கறேன்றான்."

"யாரு பாத்துக்கறது?"

"கறக்கறது நானு. நீங்க சாணி அள்ளி, மாட்டைக் கழுவி, தண்ணி காட்டினா போதும். காத்தாலே அஞ்சு மணிக்கு எழுந்தீங்கன்னா ஆறுக்குள்ள முடிஞ்சிடும்."

அஞ்சு மணி! நான் ஏழு மணிக்கே இரண்டு தவணையாக எழுகிற ஆள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே சொத்து காலைத் தூக்கம்தான். அதையும் ஒரு மாட்டிடம் எழுதிக் கொடுப்பதா?

'வேண்டாம்' என்று நேராகச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் விரதத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாங்கள் ஜைனர்கள். நாக்கை அடக்க நினைப்பவர்கள் பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு இந்த ஆறில் சிலவற்றை விட்டுவிடுவதாக விரதம் எடுப்பது எங்களில் வழக்கம். எங்கள் பத்து நாள் நோன்பான தசலட்சண பர்வம் தொடங்கிய அன்று ஜினாலயத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றேன்.

"முப்பது நாளைக்குப் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எதையும் தொடமாட்டேன்!"

ஜினாலயத்தில் பூஜை செய்யும் உபாத்தியாயருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே லேசாகக் கலங்கியது, காப்பியை நினைத்து. ஒரு நாளைக்கு ஆறு காப்பி குடிக்கிறவன் நான். ஆனாலும் திட்டம் அருமையான திட்டம். பாலே வாங்காத வீட்டுக்கு மாடு எதற்கு? முப்பது நாளுக்குள் மச்சான் ஜினதாசன் மாட்டை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவான். அப்புறம் நிம்மதியாகத் தூங்கி, நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம்.

கனகமாலா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நல்ல காரியங்க. நானும் கூடவே முப்பது நாள் இருக்கறேன். பால்கார வேடியப்பன் கிட்ட பால் ஊத்த வேணாம்னு சொல்லிட்டேன்."

இரண்டாம் நாள் சாயங்காலம், எங்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டுமே என்று ஆபீசிலிருந்து ஓடி வந்து, தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தேன். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஏற்கெனவே எங்கள் அடுப்பில் ஏறியதில்லை. பாலும் போய்விட்டது. இனி இலையில் என்ன விழப்போகிறது, அனுதாபத்தைத் தவிர?

விழுந்தது கத்தரிக்காய். பிஞ்சு கத்தரிக்காயைப் பிளந்து, எள்ளும் மிளகாயும் வறுத்து அரைத்து உள்ளே அடைத்து, நல்லெண்ணெயில் சுருள வதக்கியிருந்தாள். கூடவே முருங்கைக்கீரைப் பொரியல். கடைசியில் வெள்ளை வெளேரென்று, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து ஒரு சாதம். இலையைத் தள்ளிவிட்டேன்.

"கனகா! தயிர் சாதம்! என் விரதம்!"

"கத்தாதீங்க. மல்லாட்டைத் தயிரு."

நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதை வேகவைத்துத் தின்போம், வறுத்துத் தின்போம். தயிராகப் பிசைந்து தின்றதில்லை.

"மல்லாட்டையில ஏது தயிரு?"

"ஊற வச்சு அரைச்சு, பாலைப் புழிஞ்சு, காய்ச்சி ஆற வச்சு, நாலு பச்சை மிளகாய்க் காம்பு கிள்ளிப் போட்டேன். உறைஞ்சிடுச்சு."

"மிளகாய்க் காம்பா? இன்னா கொடுமை இது!"

"சாப்ட்டுட்டுப் பேசுங்க."

சாப்பிட்டேன். அப்புறம் பேசவில்லை. மூன்று தரம் கையை மட்டும் நீட்டினேன்.

அன்றிலிருந்து நான் கெட்டேன். ஒரு நாள் கொள்ளு ரசம். ஒரு நாள் தேங்காய்ப் பாலில் அவரைக்காய்க் கூட்டு. கேழ்வரகு அடைக்கு வெல்லமும் வறுத்த எள்ளும் இடித்த பொடி. ஆபீசில் பத்தரை மணிக்கே டிபன் டப்பாவைத் திறந்து மோந்து பார்க்க ஆரம்பித்தேன். வயிற்றுப் பொருமல் போன இடம் தெரியவில்லை. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது. காப்பி ஞாபகம் மட்டும் காலையில் கொஞ்சம் வரும். இட்லியைப் பார்த்ததும் அதுவும் போய்விடும். மாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முப்பதாம் நாள் மத்தியானம் வீட்டில் விருந்து. உபாத்தியாயர் வந்திருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து மச்சான் ஜினதாசனும் வந்திருந்தான். நல்லெண்ணெய் தடவிச் சுட்ட போளி. பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்ப் பால் போட்டுப் பாயசம். நான் நாலாவது டம்ளரில் இருந்தேன்.

"இன்னையோட விரதம் முடியுது. இனிமே நீங்க காப்பி குடிக்கலாம்" என்றார் உபாத்தியாயர்.

கனகமாலா பெருமூச்சு விட்டாள். "ஆமாங்க. பாவம், இதுக்கு மேல இவரால முடியாது. முப்பது நாள் தாங்கினதே ஜாஸ்தி."

"யாரால முடியாது?" என்றேன்.

"உங்களாலதான். காப்பிய விட்டுட்டு உங்களால இருக்க முடியுமா?"

அந்தப் பாயசத்தில் என்ன போட்டாளோ, எனக்கு வீரம் தலைக்கேறிவிட்டது. டம்ளரை டங்கென்று வைத்தேன்.

"இந்தச் சமையல் இருக்கறப்ப எவனுக்கு வேணும் பாலு? ஆயுசு பூரா வேணாம்! உபாத்தியாயரே, இப்பவே குடுங்க விரதத்த!"

உபாத்தியாயர் மந்திரம் சொன்னார். கை கூப்பினேன். மச்சான் மட்டும் சாப்பாடு முடிந்ததும் அவசரமாக பஸ் ஏறினான்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வாசலில் வேன் சத்தம். அதிலிருந்து மச்சான் இறங்கினான். பிறகு கன்றுக்குட்டி இறங்கியது. பிறகு அது இறங்கியது.

"மச்சான்! இன்னா இது?"

"மாடு மாமா."

"தெரியுது! பாலே குடிக்காத வீட்டுக்கு மாடு எதுக்குடா?"

"அதனாலதாங்க" என்று துடைப்பத்தோடு வந்தாள் கனகமாலா. "நீங்க ஆறு காப்பி குடிச்சுகினு இருந்தா, கறக்கறதுல பாதி உங்களுக்கே போயிடும். இப்ப ஒரு சொட்டு விடாம பால் சொசைட்டிக்கு ஊத்திடலாம்."

மச்சான் பணிவாக ஒரு போஸ்ட் கார்டை எடுத்து நீட்டினான். கனகமாலாவின் எழுத்து. நான் ஜினாலயத்தில் எழுந்து நின்ற அதே நாள் தேதி.

"தம்பிக்கு, மாட்டை யாருக்கும் கொடுத்துவிடாதே. உன் மாமா முப்பது நாளைக்குப் பாலை விட்டிருக்கிறார். அதற்குள் ஒரேயடியாக விட வைத்துவிடுகிறேன். மல்லாட்டை நாலு மரக்கால் அனுப்பவும்."

இப்போது தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து சாணி அள்ளிவிட்டு, கடுங்காப்பி குடிக்கிறேன்.