மேகலை எந்த ஆபீசுக்குப் போவது

உத்தனப்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை சாந்தம்மாவுக்கு, உன் அக்காள் காளியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், மகன் கோவிந்தப்பன், மருமகள் ருக்மணி, பேத்தி மேகலை, சினைப் பசு எல்லோரும் சுகம். அம்பத்தூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதாசி என்று கேட்பாய். போனில் நான் பேசப் பேச நீ "ஆமாக்கா, ஆமாக்கா" என்று சொல்லிக்கொண்டே சீரியல் பார்க்கிறாய். போன வாரம் எங்கள் எருமை செத்துப்போயிற்று என்று சொன்னேன், "ரொம்ப சந்தோசம்க்கா" என்றாய். எங்களிடம் எருமையே கிடையாது. உன்னைச் சோதித்துப் பார்த்தேன். கடிதாசி என்றால் கையில் பிடித்துப் படித்துத்தானே ஆகவேண்டும்.

முதலில் பிள்ளைகள் சேதி. பெரிய பேரன் மணிகண்டன் ஓசூரில் வண்டி செய்கிற கம்பெனியில் லைன் லீடர் ஆகிவிட்டான். அவன் கை காட்டினால்தான் அங்கே வேலை நகரும். அவன் பெண்டாட்டி அனிதா, நர்சு, சிறந்த நர்சு என்று கேடயம் வாங்கியிருக்கிறாள். அதை டிவிக்கு முன்னால் வைத்ததில் படம் பாதி மறைகிறது, பரவாயில்லை, நாங்கள் கேடயத்தையே பார்க்கிறோம். அவர்கள் பிள்ளை எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் தக்காளி வேஷம் போட்டு முதல் பரிசு. தக்காளிக்கு என்ன நடிப்பு வேண்டியிருக்கிறது என்று கேட்காதே. மற்ற பிள்ளைகளெல்லாம் அழுது ஓடின, இவன் ஒருவன்தான் கடைசி வரை உருண்டையாக நின்றான். உன் பேரன் கனடாவில் வீடு வாங்கியதும் நல்ல சேதிதான். அதையும் ஊரில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் சேதியைச் சொல்லி முடித்த பிறகு.

இப்போது மேகலை. நம் வம்சத்தில் சர்க்கார் பரீட்சை எழுதிப் பாசான முதல் ஆள் அவள்தான். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் ஆர்டர் வந்திருக்கிறது. சென்னையில் ஒரு பெரிய ஆபீசில் உதவியாளர். கிருஷ்ணகிரியில், கலெக்டர் ஆபீசு வளாகத்திலேயே, இளநிலை உதவியாளர். இது போதாதென்று, மூன்று வருஷமாக எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாளே, அந்த பெங்களூர் கம்பெனிக்காரர்களும் நீ எங்கேயும் போகாதே, இனிமேலும் வீட்டிலிருந்தே செய், பதவியை உயர்த்துகிறோம் என்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு மூன்று மாப்பிள்ளை வந்தால்கூட இவ்வளவு சிரமம் இல்லை, இரண்டு பேரிடம் ஏதாவது குறை கண்டுபிடித்துவிடலாம். இந்த மாதத்துக்குள் ஓரிடத்தில் போய்ச் சேராவிட்டால் சர்க்கார் ஆர்டர் இரண்டும் கைவிட்டுப் போய்விடும். அதனால் களி கிண்டுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வீட்டில் இதே பேச்சு. கோவிந்தப்பனுக்குச் சென்னை, அதுதான் மேல் பதவி என்கிறான். ருக்மணிக்கு மாடி அறை, மகள் கூப்பிட்ட குரலுக்குக் கீழே வருவாள் என்கிறாள். எனக்குக் கிருஷ்ணகிரி. சர்க்கார் நாற்காலிக்கு நாற்காலியும் ஆயிற்று, ராத்திரிக்கு வீட்டுச் சோறும் ஆயிற்று. நான் யார் பக்கமும் சாயவில்லை, நியாயத்தைத்தான் சொன்னேன்.

சென்னையைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தண்ணீர் உப்பு, காற்று வெந்நீர், குளித்துத் துவட்டுவதற்குள் மறுபடி குளிக்க வேண்டும். உன் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தக் கொசுக்கள் என்னைப் புது ஆள் என்று கண்டுபிடித்து உறவுக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தன. அங்கே குடியிருக்கிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் இத்தனை வருஷத்தில் அவர்களுக்குத் தோலும் மூக்கும் மரத்துப்போயிருக்கும். உன்னைச் சொல்லவில்லை.

மாடி அறை வேலையில் இருக்கிற கஷ்டம் என்னவென்றால், அது வேலை என்று ஊருக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டு சபீஹா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேனில் தினமும் வேலைக்குப் போகிறவள், தங்கமான பெண். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆயா, இவ்ளோ படிச்சிட்டுப் புள்ள ஊட்லயே குந்தியிருக்குதே. எங்க வேன்ல ஒரு சீட்டு காலியா கெடக்குது, சூப்பர்வைசர்கிட்ட சொல்லட்டா?" என்றாள். மேகலை மாடியில் வேலைதான் செய்கிறாள் என்றேன். "தெரியும் ஆயா, எங்க அண்ணன் சும்மா இருந்தப்ப எங்க ஊட்லயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முறம் கத்தரிக்காய் கொடுத்து அனுப்பினேன்.

அன்றைக்கே, இவள் மேலே என்னதான் செய்கிறாள் என்று பார்க்கலாமென்று களியும் கீரைக் குழம்பும் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக முகங்கள். நடுக் கட்டத்தில் அவளுடைய மேனேஜர். என் தட்டைப் பார்த்துவிட்டு அவர் கன்னடத்தில், முத்தேயா அஜ்ஜி, அதாவது களியா பாட்டி என்று கேட்டார். கேட்ட மனிதனுக்குப் பதில் சொல்லாமல் எப்படி வருவது? நானும் கன்னடத்தில் எந்த ஊர், அப்பா அம்மா இருக்கிறார்களா, கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை என்றெல்லாம் விசாரித்தேன். கோலார் பக்கமாம். அம்மா தனியாக ராகி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாளாம், இவர் போய்ப் பார்த்து நாளாயிற்றாம். பாவம். மற்ற கட்டங்களெல்லாம் மரியாதையாகக் காத்திருந்தன. மேகலை மேசைக்குக் கீழே என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மீட்டிங்கிலும் அஜ்ஜி எங்கே என்று அவர் கேட்கிறாராம். பதவி உயர்வு எதனால் வந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

கிருஷ்ணகிரிதான் சரி என்று வாயால் சொன்னால் போதாது, போய்க் காட்ட வேண்டுமென்று ஒரு திங்கட்கிழமை மேகலையை லீவு போடச் சொல்லி ஒத்திகை பார்க்கக் கிளம்பினேன். இங்கிருந்து ராயக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், அவ்வளவுதான் விஷயம். முதல் பஸ்ஸில் மனிதர்களைவிடக் கொத்தமல்லிக் கட்டுகள் அதிகம். மேகலை ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு கட்டின் மேல் சாய்ந்தபடி வந்தாள். என்ன வாசனை பார், சென்னையில் கிடைக்குமா என்றேன், அவள் தும்மினாள். ராயக்கோட்டையில் இறங்கியதும் மண்டிக்குத் தக்காளி கொண்டுவந்த நம் ஒன்றுவிட்ட தம்பி ராஜசேகர் எதிரே வந்துவிட்டான். குடும்பத்து ஆளை நிறுத்தி நாலு வார்த்தை கேட்காமல் போனால் நாளைக்கு என்ன சொல்வான்? கேட்டேன், அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வேலை பார்க்கிறவர்கள் முதல் டீயே குடித்து முடித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை அங்கே மனு கொடுக்கிற நாள் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. வாசலிலேயே ஒரு போலீஸ்காரம்மா, வயசானவங்களுக்குத் தனி வழிம்மா என்று சொல்லி என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவு மரியாதையை எப்படி வேண்டாமென்பது. நேரே பெரிய மேசை, அதன் பின்னால் ஒரு ஆபீசரம்மா. "என்ன குறை, சொல்லுங்கம்மா" என்றாள். யோசித்துப் பார்த்தேன். "ஒரு குறையும் இல்ல தாயி" என்றேன். "குறை இல்லாம ஏம்மா மனு குடுக்க வந்தீங்க?" என்றாள். அதுவும் நியாயம்தானே. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் வெறுங்கையோடு போகக் கூடாதென்று, எங்கள் ஊரிலிருந்து நேராகக் கிருஷ்ணகிரிக்கு ஆபீசு நேரத்துக்கு ஒரு பஸ் விடுங்கள், என் பேத்தி இங்கேதான் வேலைக்கு வரப்போகிறாள் என்று சொல்லி, பக்கத்தில் ஒருவர் எழுத, கையெழுத்துப் போட்டேன். ரசீதும் கொடுத்தார்கள். மேகலையைக் காட்டலாமென்று திரும்பினால் அவள் தூணுக்குப் பின்னால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது ருக்மணி விளக்கு வைத்துவிட்டிருந்தாள். கோவிந்தப்பன் எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் பார்த்து, "இத தெனமும் பண்ணணுமா?" என்றான். முதல் நாள் எந்த வேலையும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

இப்படியே பேசிக்கொண்டிருந்தால் மாதம் முடிந்துவிடும், மாரியம்மனிடம் பூ கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. நம் ஊரில் கல்யாணமோ போர்வெல்லோ எதுவானாலும் அதுதானே வழக்கம். வெள்ளிக்கிழமை எல்லோரும் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போனோம். பூசாரி நல்லுசாமி ஆத்தாளின் இரண்டு தோளிலும் ஈரச் செவ்வரளி வைத்தான். வலது பக்கம் விழுந்தால் கிருஷ்ணகிரி, இடது பக்கம் விழுந்தால் சென்னை, விழாமலே இருந்தால் மாடி அறை என்று நான்தான் ஏற்பாடு சொன்னேன். மூன்று பேருக்கும் பொதுவான ஏற்பாடு. கற்பூரம் எரிந்து அணைந்தும் பூ அசையவில்லை. ருக்மணி, விழவில்லையே, கிளம்பலாமா என்று கேட்ட அந்த நிமிஷம் வலது பக்கத்துப் பூ விழுந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நல்லுசாமி தலையைச் சொறிந்துகொண்டு, "உங்களுக்குத்தான் அது வலது ஆயா. ஆத்தாளுக்கு எடது" என்றான். ஆத்தாள் நம்மைப் பார்த்தல்லவா உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு இத்தனை வயசில் அது தோன்றவில்லை. கோவிந்தப்பன் சென்னைதான் என்று குதிக்க ஆரம்பித்தான். கேட்டது நான், பதில் எனக்குத்தானே, அப்படியானால் என் வலதுதான் கணக்கு என்றேன். கோயிலுக்குள்ளே இதைப் பேசிக்கொண்டிருந்தது தப்புதான். கடைசியில் நல்லுசாமி, ஆத்தாளின் வலது கைதான் வலது என்று சத்தமாகச் சொல்லி, மறுபடியும் பூ வைத்தான். இந்தத் தடவை ருக்மணி வாயைத் திறக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பூ ஆத்தாளின் வலது பக்கம் கிடந்தது. கோவிந்தப்பன் மூன்றாவது தரமும் கேட்கலாமே என்றதற்கு, ஆத்தாளுக்கு வேற ஜோலி இல்லையா என்று நல்லுசாமி தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். மேகலை மட்டும் கை கூப்பியபடி லேசாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே சாந்தம்மா, மேகலை கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போகிறாள். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. ருக்மணி புதிதாக மூன்றடுக்கு டிபன் கேரியர்கூட எடுத்து வைத்துவிட்டாள். என் மனசு நிறைந்திருக்கிறது, நீயும் சந்தோஷப்படு. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்புகள், பிள்ளைகளுக்கு முத்தம், உன் முழங்காலுக்கு வேப்பெண்ணெய். மாரியம்மன் உங்கள் எல்லோரையும் நிழலாக நின்று காப்பாளாக.

இப்படிக்கு உன் அக்காள்,
காளியம்மாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உன் பின்கோடு கேட்க மேகலையிடம் போனேன். அவள் கடிதாசியை வாங்கி முழுக்கப் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஆயா, சென்னை ஆபீசுக்கு வர்றேன்னு பூ கேக்கறதுக்கு முன்னாடியே நான் எழுதி அனுப்பிட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆத்தாளிடம் கேட்டபோது நீயும்தானே நின்றாய் என்றேன். "ஆத்தாகிட்ட கேட்டீங்க. எங்கிட்ட யாரும் கேக்கலியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். சரி, இப்போது கேட்கிறேன், ஏண்டி சென்னை என்றேன். "மாடியிலயே இருந்துட்டேன் ஆயா. காலைல செருப்பு மாட்டிக்கிட்டு நடந்து ஆபீசுக்குப் போகணும். அங்கயே தங்கிப் படிச்சு இதுக்கு மேல இருக்கற பரீட்சையும் எழுதணும்" என்றாள். என்னை ஐந்தாவதோடு நிறுத்தியபோதும் என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்டார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். கோவிந்தப்பனிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், ருக்மணியையும் சமாதானம் செய்தாயிற்று.

அதனால் மேலே சென்னையைப் பற்றி எழுதியிருப்பதை நீ படிக்காதே. அடிக்கலாமென்றால் தாள் கிழிகிறது. ஹாஸ்டல் கிடைக்கும் வரை மேகலை உன் வீட்டில்தான் இருப்பாள். பழகும் வரை துணைக்கு நானும் வருகிறேன், முன் அறை போதும், உன் சீரியலுக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன். முக்கியமான விஷயம், உன் புதுப் போட்டோ ஒன்றை உடனே தபாலில் போட்டுவிடு. எங்களை அழைத்துப்போக நீதான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவாய், மேகலை உன்னைப் பார்த்து வெகு நாளாயிற்று, என் கண்ணாடியும் பழசு. எங்களிடம் இருக்கிற படத்தில் நீ கல்யாணப் பெண்ணாக இருக்கிறாய், அந்த முகத்தைத் தேடிக்கொண்டு நாங்கள் அங்கே நின்றால் ராத்திரி வரைக்கும் நிற்க வேண்டியதுதான்.