பெர்த்தாவின் ஒற்றை யூரோ

வாழ்க காட்லோப் ஐஸ்லே! நெக்கர் நதிக்கரையில் திருகாணி கடையும் ஆலையைத் தந்தைவழியே பெற்றுத் தனயனுக்குத் தரவிருக்கும் கோமகன் வாழ்க! விளக்கை அணைத்த பிறகே அறையைவிட்டு அகலும் சிக்கனச் செம்மல், வரக்கூடிய லாபத்தை வராததாகவும் வரக்கூடிய நட்டத்தை வந்தேவிட்டதாகவும் எழுதுவதே அறமெனக் கொண்ட ஐஸ்லே குலத்தின் கொழுந்து, அண்டை வீட்டார் அறியாமல் செல்வனாக வாழும் பெருந்தகை வாழ்க! அவர் புரிந்த போரை, எம் குலத்தின் மானம் கருதி, ஒரு சொல்லும் கூட்டாமல் உரைக்கின்றேன்.

போரின் காரணம் ஒரு மங்கை. பெயர் பெர்த்தா. உடல் வார்ப்பிரும்பு, பற்கள் பித்தளை. காட்லோபின் தாத்தா தம் கையாலேயே செய்த கடைசல் இயந்திரம் அவள். இவ்வாலையின் முதல் திருகாணி அவள் மடியில்தான் பிறந்தது. ஆண்டுதோறும் தேய்மானம் என்னும் கொடிய நோய் அவள் மதிப்பை அரித்து அரித்து, இறுதியில் ஒரே ஒரு யூரோ எஞ்சியது. அதற்குக் கீழே எங்கள் நாட்டில் எவரும் குறைப்பதில்லை. ஒரு பொருள் நம்மோடு நிற்கும்வரை அது நிற்கிறதென்று நினைவூட்ட ஒரு யூரோவைக் கணக்கில் விட்டுவைப்போம். சொத்துப் பட்டியலின் முதல் வரியில், எம் குலக்கொடி போல் அந்த ஒற்றை யூரோ பறந்துகொண்டிருந்தது.

அப்போது வடக்கே இடி முழங்கியது. ராட்டர்டாம் நிறுவனமொன்று ஆலையின் பாதிப் பங்குக்குமேல் வாங்கிற்று. ஏற்கெனவே அதன் குடைக்கீழ் இருந்த போர்த்துகல் தக்கைக் கிடங்கும் பின்லாந்து மரஅறுவை ஆலையும், இனி எங்கள் திருகாணிச் சாலையும், ஐரோப்பாவுக்கெல்லாம் பொதுவான ஒரே கணக்கு முறையில், ஒரே அட்டவணையில், தோளோடு தோள் நிற்கவேண்டுமென்றும், லிஸ்பனில் படிப்பவனுக்கும் ஹெல்சின்கியில் படிப்பவளுக்கும் ஒன்றே விளங்கவேண்டுமென்றும் ஆணை பிறந்தது. அவ்வாணையை மடிக்கணினி என்னும் கேடயத்தில் ஏந்தி, வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் ரொட்டியை மென்றபடியே படையெடுத்து வந்தாள், தலைமை அலுவலகக் கணக்காளர் மரைக்கே.

"எங்க அட்டவணையில எல்லாமே ஆயிரம் யூரோ கணக்குலதான், ஐயா. உங்க ஒரு யூரோ இதுல தெரியாது. பூஜ்யம்னு வரும்."

"பூஜ்யமா? எங்க தாத்தா பூஜ்யமா?"

"தாத்தாவைச் சொல்லலையே. மிஷினைத்தான் சொன்னேன்."

"இந்த வீட்டுல ரெண்டும் ஒண்ணுதான்மா!"

பக்கத்து மேசையிலிருந்து, ஆலையின் கணக்கைக் காக்கும் ரோஸ்விட்டா தலையை நிமிர்த்தாமலே ஓர் அம்பு எய்தாள். "நான் சம்பளம் கூட்டிக் கேட்டப்போ, கண்ணுக்கே தெரியாத தொகைக்கா இந்தச் சண்டைன்னு கேட்டீங்களே, முதலாளி."

மதம்பிடித்த யானை கோட்டைக் கதவை முட்டுவதுபோல் காட்லோப் மேசையைத் தட்டினார். ஐஸ்லே என்னும் பெயர் இம்மண்ணில் நிற்கும்வரை பெர்த்தாவும் பட்டியலில் நிற்பாள், அவளை அழிக்க வருவோர் முதலில் என்னை அழிக்கட்டும் என்று முழங்கினார். பேனாக்கள் நடுங்கின. காப்பி தளும்பியது. மரைக்கே பிரெட்ஸலின் கடைசித் துண்டை விழுங்கினாள்.

"சரி, ஒரு வழி இருக்கு. புது முறைக்கு மாறுற வருஷம், ஒரு பொருள் இன்னிக்கு சந்தையில என்ன விலை போகுமோ அதையே மதிப்பா எழுதிக்கலாம். கட்டாயம் இல்ல. உங்க இஷ்டம்."

இஷ்டமா? மூவாயிரம் வந்தால் 'மூன்று' என்று ஐரோப்பா முழுதும் தெரியுமே! மதிப்பீட்டாளர் வரவழைக்கப்பட்டார். அவர் பெர்த்தாவை வலம் வந்தார், குனிந்தார், பல்சக்கரத்தை வருடினார், தொப்பியைக் கழற்றினார்.

"முப்பத்தெட்டாயிரம் யூரோ. கையால செஞ்சது இந்த நிலையில வேற எங்கயும் நான் பார்த்ததில்ல. நாளைக்கே வாங்கிக்க ஆள் இருக்கு."

மடை திறந்த வெள்ளம்போல் காட்லோபின் மார்பு விம்மியது. தாத்தாவின் படம் சுவரில் புன்னகைத்ததாகவே அவர் கண்டார். மரைக்கேயோ '38' என்று தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப இதுல வேலை நடக்குதா?"

"இல்ல. நிக்குது," என்றார் கோமகன்.

"சும்மா நிக்குதா? அப்ப ராட்டர்டாம்ல கண்டிப்பா கேப்பாங்க, ஐயா. ஆள் ரெடியா இருக்கும்போது ஏன் விக்கக் கூடாதுன்னு."

அந்தோ! கண்ணுக்குத் தெரியாதவரை அவளைத் தொட எவருமில்லை. தெரிந்த கணமே அவள் கழுத்தில் விலைச்சீட்டு. இதையுணர்ந்த கோமகன் நடுக்களத்தில் தேரைத் திருப்பினார். இனி அவர் வாய் உதிர்த்தவற்றை எழுத என் கை கூசுகிறது.

"முப்பத்தெட்டாயிரமா? இதுக்கா? பல்லெல்லாம் தேஞ்சு போச்சுய்யா! துருப்பிடிச்ச பழைய இரும்பு!"

"துருவா?" மதிப்பீட்டாளர் சினந்தார். "எங்க, ஒரு பொட்டு காட்டுங்க பார்ப்போம்."

"வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைச்சா துரு எப்படி வரும், முதலாளி?" என்றாள் ரோஸ்விட்டா. "என்னையே துடைக்க விடமாட்டீங்களே."

"நீ சும்மா இரும்மா! எங்க தாத்தாவுக்கு... எங்க தாத்தாவுக்கு வேலையே சரியா வராது!"

குலத்தின் மானத்தைக் காக்கப் புறப்பட்டவர் குலமுதல்வனையே பலியிட்டு நின்றார்.

மரைக்கே மெல்லச் சொன்னாள். "சந்தை விலை எழுதணும்னு நீங்கதான் கேட்டீங்க, ஐயா. வேண்டாம்னா பழைய மதிப்பே இருக்கட்டும். ஆனா அது பூஜ்யம்தான்."

அப்போது, தன் கொடியைத் தானே இறக்கும் தளபதியைப்போல், மூன்று தலைமுறையின் பாரம் முழுதும் முதுகில் ஏறியும் அம்முதுகு வளையாமல், ஐரோப்பாவின் எந்த அட்டவணையிலும் இனி இடம்பெறப்போகாத தன் பெர்த்தாவின் குளிர்ந்த இரும்புத் தோளில் ஒரு கை வைத்தபடி, காட்லோப் ஐஸ்லே திருவாய் மலர்ந்தார்: "பூஜ்யம்னே போட்டுக்கோம்மா."

மரைக்கே அந்த வரியை அழித்துவிட்டு, நாற்காலிகளின் பட்டியலைக் கேட்டாள்.