வாஷிங்டன் சபையில் எங்கள் ஊர் வாத்துகள்

அன்பும் பயமும் கலந்த மரியாதைக்குரிய ஆர்டிஸ் அக்காவுக்கு,

மினசோட்டாவிலிருந்து தம்பி வெர்லின் எழுதுவது. இங்கே நானும் டிராக்டரும் ஒருவாறு ஓடிக்கொண்டிருக்கிறோம். அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். எழுதுவதன் காரணம் ஒன்றுதான்: தயவுசெய்து மரிட்டின் அலுவலகத்துக்கு இனி போன் செய்யாதே. ஏன் என்று சொல்கிறேன், பாதியில் கடிதத்தைக் கிழித்துவிடாதே.

என் மகள் மரிட் வாஷிங்டனில் நம் தொகுதிப் பிரதிநிதி ஹெக்மன் அவர்களின் அலுவலகத்தில் போன் எடுக்கும் பயிற்சி வேலையில் இருப்பது உனக்குத் தெரியும். சம்பளம் கிடையாது, கிரெடிட்தான், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கல்லூரிப் புள்ளிகள். அந்தக் கிரெடிட்டுக்கும் கல்லூரிக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். வேலை செய்கிறவரே பணம் கட்டிச் செய்கிறார் என்றால் அது எப்பேர்ப்பட்ட வேலையாக இருக்கும் என்று நான் மலைத்துப்போனேன். கடைசியில் அலுவலகத் தலைவி திருமதி பிராக்டர், "நன்றாக வேலை செய்தாள்" என்று கையெழுத்துப் போட்டால்தான் கிரெடிட். கிரெடிட் வந்தால்தான் பட்டம்.

அவள் போனதிலிருந்து வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. செல்போனில் கூப்பிட்டால், "அப்பா, அவசரமா போயிட்டிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாள். ஆனால் அலுவலக போனில் தொகுதிக்காரர் யார் பேசினாலும் குறுக்கே வெட்டாமல் கேட்க வேண்டுமாம். நானும் தொகுதிக்காரன்தானே என்று ஒருநாள் அந்த எண்ணுக்கே அடித்தேன்.

"பிரதிநிதி ஹெக்மன் அலுவலகம், வணக்கம்."

அக்கா, அந்தக் குரலைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். தொப்பியையும் கழற்றினேன். பால் பாத்திரத்தை அப்படியே வாயில் கவிழ்த்துக் குடிக்கும் என் பெண்ணா இது?

"நான்தாம்மா, அப்பா பேசறேன்."

"சொல்லுங்க சார். எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க?"

"ஏய், நம்ம ஊர்லேர்ந்துதான்!"

"நன்றி சார். எந்தப் பிரச்சினையைப் பத்திச் சொல்லணும்?"

பிரச்சினை என்று ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கனடாவிலிருந்து வந்த காட்டு வாத்துகள் வயலில் நின்றுகொண்டிருந்தன. "வாத்து," என்றேன்.

"வாத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா சார்?"

"எதிர்ப்பு."

"பிரதிநிதிகிட்ட கண்டிப்பா சொல்றேன் சார்."

அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டேன். அந்தக் குரலின் பெருமையை நான் மட்டும் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, காப்பிக்கடையில் ஆர்வில்லிடம் சொன்னேன், அவன் கூப்பிட்டான், அவன் சொல்லி சர்ச் பாட்டுக்குழு முழுக்கக் கூப்பிட்டது, தீவனக்கடையில் சாமான் வாங்க வந்தவர்களெல்லாம் அங்கிருந்தே கூப்பிட்டார்கள், நீயும் கூப்பிட்டாய். பிரச்சினை என்ன என்று அவள் கேட்டதும் எல்லோரும் பதறிப்போய் வாத்து என்றே சொல்லிவைத்தோம்.

போன வாரம் டிவியில் சபை நடவடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பிரதிநிதி எழுந்தார். "எல்லை தாண்டி வரும் வாத்துகளால் என் மக்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள்!" என்று மேசையைத் தட்டினார். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, அக்கா. நான் ஜன்னலைப் பார்த்தேன், அவ்வளவுதான், அது அந்த மாபெரும் கூரையின் கீழ் போய் ஒலிக்கிறது! சபையில் நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. மற்ற பிரதிநிதிகள் வாத்தைப் பற்றி யோசிக்க வெளியே போயிருப்பார்கள்.

அதோடு விட்டாரா? தொகுதிக்காரர் ஒருவருக்குத் தாமே நன்றி சொல்ல ஆசைப்பட்டு ஆர்வில்லைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பாவி என்ன சொன்னான் தெரியுமா?

"வாத்தா? அதுங்க பாட்டுக்கு இருக்குதுங்க. மரிட் குட்டி ஒழுங்கா சாப்பிடுதான்னு கேக்கத்தான் போன் பண்ணேன். அது பிரச்சினை என்னன்னு கேட்டுச்சு, வெர்லின் சொன்னதையே நானும் சொல்லிவச்சேன். ஆமா, நீங்க யாரு பேசறது?"

திருமதி பிராக்டர் மரிட்டை அறைக்குள் கூப்பிட்டிருக்கிறார். "இவங்க எல்லாம் உன் ஆளுங்களா? ஏன் சொல்லலை?"

"தொகுதிக்காரங்களான்னுதான் கேக்கச் சொன்னீங்க மேடம். எல்லாரும் தொகுதிக்காரங்கதான். எங்க அப்பாங்கிறதுக்காக அவரோட கருத்தை நான் விட முடியாது. அரிசோனாவிலேர்ந்து ஒருத்தங்க மட்டும் பழைய முகவரியைச் சொல்லி ஏமாத்தப் பார்த்தாங்க. எங்க அத்தை. அவங்களை நான் கணக்குல சேக்கலை."

சொந்த அத்தையையே தள்ளிவிட்டவள், அக்கா! இப்படி ஒரு நேர்மை நம் குடும்பத்தில் எப்படி வந்து பிறந்தது என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று அந்த அம்மாள் இன்னும் வாய் திறக்கவில்லை. "வெள்ளிக்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் உங்க வீட்டு ஆளுங்க குரல் இந்தப் போன்ல கேக்கக் கூடாது," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். உன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று தெரிந்தால் நீ அவளைக் கூப்பிட்டுத் திட்டுவாய். ஒரு போனில் அவள் பட்டமே போய்விடும். என் உடம்பில் உயிர் உள்ளவரை நான் அந்த எண்ணைத் தொடப்போவதில்லை, நீயும் தொடாதே. மக்களாட்சி என்பது விளையாட்டுச் சாமான் இல்லை என்று இந்த வயதில் புரிந்துகொண்டேன்.

உன் முழங்காலுக்கும், உன் கள்ளிச்செடிகளுக்கும், முக்கியமாக உன் கோபத்துக்கும் ஆண்டவர் அமைதி தரட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
வெர்லின் டொலெஃப்சன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்காமலே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இப்போதுதான் மரிட் கூப்பிட்டாள். கையெழுத்து ஆகிவிட்டதாம். சந்தோஷத்தில் மறுபடி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினேன். பிறகு மெதுவாக, "ஏம்ப்பா, அவங்க சொன்னாங்கன்னு நிஜமாவே மூணு நாளா கூப்பிடாம இருந்துட்டீங்களா? போன் அடிக்கிறப்பல்லாம் நீங்கதானோன்னு ஓடி ஓடி எடுத்தேன்," என்றாள். ஆகையால், அக்கா, மேலே எழுதியதெல்லாம் ரத்து. தடை இன்றோடு முடிந்தது, அவளுக்கு இன்னும் ஒரு வாரம் அங்கே வேலை இருக்கிறது, திங்கட்கிழமை காலையில் நீயும் கூப்பிடு. உன்னைக் கணக்கில் சேர்க்கமாட்டாள். ஆனால் வைக்காமல் கேட்பாள்.