கப்பலுக்கு நேரா நில்லு நைனா

செஞ்சிக்காரர்களுக்குத் திசை தெரியாது, மலைதான் தெரியும். ராஜகிரி முகத்துக்கு நேராக இருந்தால் திருவண்ணாமலைப் பக்கம் போகிறோம், முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் திண்டிவனம். கிழக்கு, மேற்கெல்லாம் வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்வோம். இந்தப் பழக்கத்தை நான் விசாகப்பட்டினத்தில் விட்டதுதான் தப்பு.

வேலை கிடைத்த முதல் வருஷம், அம்மாவையும் நைனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடல்தான் வேண்டுமென்றால் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் போதுமே என்றார் அம்மா. அங்கே துறைமுகம் இருக்கிறது, பெரிய கப்பல் நிற்கும், கடற்கரையை ஒட்டியே மலை என்று பாடம் எடுத்தேன். (எல்லாம் போனில் படித்தது. அதுவரை நானும் கப்பலைப் பார்த்ததில்லை.) நைனா எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வரை போனவன் நான் ஒருவன்தான். எந்த ஃபாரமாக இருந்தாலும் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

கடைசி நாள். சாயங்காலம் ரயில். மதியம் கைலாசகிரிக்கு ரோப் காரில் போகலாம் என்றேன். நைனா மட்டும் வரவில்லை. மலையைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே, நான் இங்கேயே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். அவருடைய போன் உப்புத்தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதென்று காலையிலேயே அம்மாவின் பையில் போட்டு வைத்திருந்தேன். (என் முன்யோசனை.)

அவ்வளவு நீளக் கடற்கரையில் அவரை எங்கே நிறுத்துவது? சுற்றிப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு மலை. வலது பக்கம், துறைமுகத்தை ஒட்டி, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு இன்னொரு மலை. செஞ்சியில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது. நேர் எதிரே கடலில், தாலுகா ஆபீஸ் அளவுக்குச் சிவப்பாக ஒரு கப்பல் நின்றது. காலையிலிருந்து அசையவே இல்லை.

“நைனா, அந்தச் செவப்புக் கப்பல் தெரியுதா? அதுக்கு நேரா நில்லு. வேற எங்கயும் போய்டாத.”

“சரிப்பா.”

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினோம். கப்பல் இல்லை.

தவறான கடற்கரையில் இறக்கிவிட்டார் என்று ஆட்டோக்காரரிடம் சண்டைக்குப் போனேன். எனக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் இருவருமே ஜெயித்தோம். கடலில் இப்போது நீலமாக இரண்டு கப்பல்கள். வெயில் சாய்ந்தால் சிவப்பு நீலமாகத் தெரியுமோ என்றுகூட யோசித்தேன். (நான் படித்தது இயற்பியல்.) ஒரு கப்பலுக்கு நேராக ஓடினேன், நைனா இல்லை. இன்னொன்றுக்கு நேராக ஓடினேன். கரையில் எங்கே நின்றாலும் எல்லாக் கப்பலும் நேராகத்தான் தெரிகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ரயிலுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“இன்னாடா, நீ உங்க நைனாவத் தேடறியா, கப்பலத் தேடறியா?”

கப்பலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைத்தால் அவரும் கிடைப்பார் என்று ஒரு நம்பிக்கை.

அம்மா என்னை விட்டுவிட்டு, சோளம் சுட்டு விற்ற பெண்மணியிடம் மீசை, வேட்டி, தோளில் துண்டு என்று சைகையிலேயே விசாரித்தார். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே எழுந்து நடித்துக் காட்டினார்: கழுத்தைக் கடல் பக்கம் திருப்பியபடி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், துறைமுகத்தைப் பார்த்து வேக வேகமாகப் போகும் ஒரு ஆள்.

துறைமுகப் பக்கம் ஓடினேன்.

மணல் முடிந்து பாறையும் சுவரும் தொடங்குகிற இடத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நைனா நின்றார். சட்டையெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் தப்புச் செய்தவர் மாதிரி தலையைச் சொறிந்தார்.

“உள்ள போயிட்ச்சிப்பா. முடிஞ்ச வரைக்கும் நேராவே வந்தேன். இதுக்கு மேல செவுரு கட்டி வச்சிருக்கான்.”

கப்பல் மெதுவாகக் கிளம்பித் துறைமுகத்துக்குள் போயிருக்கிறது. நேராக நிற்கச் சொல்லியிருந்ததால் அவரும் ஒரு மணி நேரம் கூடவே போயிருக்கிறார். அது கிளம்பியதும் நீ அங்கேயே நின்றிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் அந்த மூக்கு மலை, மதியம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ரயிலைப் பிடித்துவிட்டோம். அதன் பிறகு நான் யாருக்கு வழி சொன்னாலும் அம்மா நடுவில் புகுந்து, “அது நிக்கிறதா, போறதான்னு கேட்டுக்கோங்க” என்பார். நைனா அப்படிக் கிண்டல் செய்கிறவர் இல்லை என்று நினைத்திருந்தேன். போன மாதம் திண்டிவனத்தில் அவரை வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புளியமரத்தடியில் நிற்கச் சொல்லிப் போன் செய்தேன். சரி என்றவர், போனை வைக்காமல் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“மரம் கெளம்பிச்சின்னா போன் பண்றேன்.”