கணினிக்குப் பொட்டு வைத்த நாடு

எட்டாறு நாட்டில் ஓடியது ஒரே ஓர் ஆறுதான். மீதி ஏழும் அரச வம்சத்துப் பாடல்களில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒற்றை ஆற்றின் கடைசி வாய்க்காலில், தண்ணீர் களைத்துப் போய் வந்து சேரும் இடத்தில், நாவலேரி என்றொரு கிராமம். அங்கே காத்தாயி ஒன்றரை மா நிலத்தில் நெல் போட்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வாய் கொஞ்சம் நீளம். உழைப்பு அதைவிட நீளம் என்பதால் ஊர் அவளைப் பொறுத்துக்கொண்டது.

நாட்டை ஆண்ட அகண்டவர்மர் கெட்டவர் இல்லை. உழவர்கள் என்றால் அவருக்கு உயிர். அரண்மனைச் சுவர் முழுக்க உழவர்களின் ஓவியங்களை மாட்டி வைத்திருந்தார். நேரில் பார்க்கத்தான் நேரம் வாய்க்கவில்லை. ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது. உழவர்கள் ஏன் முன்னேறவில்லை? கணினி தெரியாததால்தான். ஈரத் தலையோடு வந்து ஊருக்கொரு கணினி என்று ஆணையிட்டார்.

அறிவுத்துறை அமைச்சர் முத்துநாவலர் அந்த ஆணைக்கு மெருகு போட்டார். இனி மதகுகளை மனிதர் திறக்கக் கூடாது, கணினி சொன்னால் அவை தாமாகத் திறக்கும். தண்ணீர் வேண்டும் உழவர் கணினியின் முன்னால் நின்றால் போதும். அது முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, தேவையைக் கேட்டறிந்து தலைநகருக்கு எழுதிவிடும். அதுவரை நாவலேரியில் வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விட்டு வந்தவன் நீர்பாய்ச்சி உத்திராபதி. அவனுடைய மதகுச் சாவியை வாங்கிக்கொண்டு போய் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்களின் திட்டு மட்டும் அவனிடமே இருந்தது.

கற்றுக்கொடுக்க சுகவனம் என்ற அலுவலர் வந்தார். நாற்பது நாள் வகுப்பு. கணினியைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று மேலிடம் எச்சரித்திருந்ததால் முழுப் பாடத்தையும் கரும்பலகையிலேயே நடத்தினார். கணினியின் உறுப்புகளை ஊரே ராகம் போட்டு ஒப்பித்தது. வேறு ஊருக்கு எப்படி எழுதுவது என்பதைக்கூடச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார். எல்லோரும் தேறினார்கள். காத்தாயி முதல் மதிப்பெண் வாங்கி, சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

திறப்பு விழாவுக்கு முத்துநாவலரே வந்தார். நம் ஆட்கள் எது புதிதாக வந்தாலும் அதற்கு ஒரு பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். காளைக்கு வைப்பார்கள், கலப்பைக்கு வைப்பார்கள், மோட்டாருக்கு வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார்கள். கணினி மட்டும் என்ன பாவம் செய்தது? அமைச்சர் சந்தனத்தைக் குழைத்து, திரைக்கு மேலே விளிம்பின் நட்டநடுவில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டார். கடுகளவு கண் ஒன்று அங்கேதான் இருந்தது என்பது வகுப்பெடுத்தவருக்கும் தெரியாது, படித்தவர்களுக்கும் தெரியாது. இருநூற்றுப் பன்னிரண்டு ஊரிலும் இதே சிறப்போடு விழா நடந்தது. தலைநகரில் மட்டும், அரண்மனைக் கணினியின் தங்க விளிம்பு கறைபட்டுவிடும் என்று பயந்து பொட்டை விட்டுவிட்டார்கள். பிறகு ஊர்களில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பொட்டைப் புதுப்பித்தார்கள்.

கார்த்திகையில் மழை ஏமாற்றியது. காத்தாயியின் நெல் அப்போது பால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் ஒரு தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் முழுக்கப் பதராகிவிடும். பத்து நாள் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. அந்த வாரம் பொட்டு முறையும் அவளுடையதுதான். வேண்டிக்கொண்டு, கட்டை விரலால் கனமாகவே வைத்தாள். பிறகு முன்னால் போய்க் கைகட்டி நின்றாள்.

கணினி சொன்னது: "எதிரில் ஆள் இல்லை."

இன்னும் கிட்டத்தில் போய் நின்றாள். அதே பதில். ஊரே வரிசையில் வந்து நின்றது. ஊரே இல்லை என்றது கணினி.

சுகவனம் தலைநகருக்கு எழுதினார். உழவர்களின் முகம் வெயிலில் மங்கியிருப்பதே காரணம், அனைவரும் முகத்துக்கு மாவு பூசி வரவும் என்று பதில் வந்தது. பூசிக்கொண்டு போனார்கள். முகத்தில் மகிழ்ச்சி போதவில்லை, சிரித்தபடி வரவும் என்று அடுத்த ஆணை. கருகும் வயலைப் பார்த்துவிட்டு வந்து, மாவு பூசிய முகத்தோடு நாவலேரியே பல்லைக் காட்டி நின்றது. அப்போதும் ஆள் இல்லை.

தலைநகரில் எல்லா ஊர்க் கணக்கையும் கூட்டிப் பார்த்த முத்துநாவலர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். அவையில் எழுந்து நின்று, "மன்னர் பெருமானே, நமது நாட்டில் உழவரே இல்லை என்பது அறிவியல் முறையில் உறுதியாகிவிட்டது. ஆகவே உழவர் குறை என்று ஒன்றும் இல்லை" என்று அறிவித்தார். அகண்டவர்மர் தம் உழவர் ஓவியங்களை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டார். பிறகு குறையற்ற நாடு என்று விழா எடுக்கச் சொன்னார்.

விழாவோடு ஒரு சட்டமும் பிறந்தது. எந்தக் கணினி மூன்று முறை ஆள் இல்லை என்கிறதோ, அந்த இடத்தின் தண்ணீர் ஆள் இருக்கும் இடங்களுக்குத் தானாகவே போய்விடும். நாட்டிலேயே ஆள் இருக்கும் இடம் அரண்மனை ஒன்றுதான். எனவே ஆறு முழுதும் அங்கே திரும்பியது. தெப்பக்குளம் நிரம்பி, நீரூற்றுகள் பொங்கி, அந்தப்புரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மகாராணி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஏழாம் நாள் காத்தாயி ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தாள். பால் வற்றத் தொடங்கியிருந்தது. கதிரோடு நேரே கணினி மண்டபத்துக்குப் போனாள். சுகவனம் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் இல்லைன்னா, இந்தக் கதிரு யாரு வெதச்சதுங்கய்யா?" என்றாள்.

அவரும் பாவம், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காத்தாயி திரையையே முறைத்துக்கொண்டு நின்றாள். அதில் மஞ்சளாக ஒரு மூட்டமும் நடுவே சிவப்பாக ஒரு திட்டும் தெரிந்தன. அரசுக் கொடியின் நிறமாக இருக்கும் என்று சுகவனம் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். காத்தாயிக்குப் போன மாட்டுப்பொங்கல் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மாட்டின் நெற்றியில் வைத்த பொட்டு வழிந்து கண்ணில் இறங்கிவிட்டது. மாடு நேரே போய்த் தூணில் முட்டிக்கொண்டது.

"ஐயா, இதுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

"கரும்பலகையில போட்ட படத்துல கண்ணு இல்லையேம்மா" என்றார் அவர்.

அவள் முந்தானையைச் செம்புத் தண்ணீரில் நனைத்தாள். உத்தரவாதம் போய்விடும் என்று சுகவனம் எழுந்தார். ஆனால் தடுக்கவில்லை. கணினியின் நெற்றியைத் துடைத்தாள். மஞ்சள் மூட்டம் விலகி, தலை கலைந்து மாவு திட்டுத்திட்டாக ஒட்டிய ஒரு முகம் திரையில் வந்து நின்றது.

"வணக்கம், காத்தாயி. உங்களுக்கு என்ன வேண்டும்?"

பிறந்ததிலிருந்து அரசாங்கம் அவளை அப்படிக் கேட்டதில்லை. தண்ணீர் என்று சொல்வதற்குள் கண்ணிலிருந்தே கொஞ்சம் வந்துவிட்டது. மனு பதிவாயிற்று, மன்னரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவும் என்றது கணினி.

காத்திருக்கிற ஆள் அவள் இல்லை. கரும்பலகைப் பாடம் நினைவில் இருந்தது. வேறு ஊருக்கு எழுதும் இடத்தைத் தேடிப் பிடித்து, ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டித் தட்டினாள். 'பொட்டு கண்ணை மறைக்கிறது. துடைத்துவிட்டு நில்லுங்கள். நாவலேரி காத்தாயி.' இரண்டு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பக்கத்தில் நின்று எழுத்தைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த சுகவனத்துக்கு, நாற்பது நாள் வகுப்பும் அன்றைக்குத்தான் நடந்ததுபோல் இருந்தது.

மறுநாள் அரண்மனைக் கணினியில் எண்பதாயிரம் முகங்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் தண்ணீர் கேட்டது. சில முகங்கள் வரப்புத் தகராறையும் சேர்த்துச் சொல்லின. அகண்டவர்மர் நடுங்கிப்போனார். ஓவியத்தில் இருந்தவர்கள் இப்படிப் பேசியதே இல்லை.

"போன வாரம் ஒருவர்கூட இல்லை, மன்னா. ஒரே இரவில் எண்பதாயிரம் பேர் முளைத்தார்கள் என்றால் இது எதிரி நாட்டுச் சதி" என்றார் முத்துநாவலர். பொட்டைத் துடைத்ததுதான் மூலம் என்று ஒற்றர்கள் கண்டுபிடித்தார்கள். உடனே ஆணை பிறந்தது. கணினிக்குப் பொட்டு நம் மரபு, துடைப்பவர் நாட்டுத் துரோகி, எல்லாக் கணினிக்கும் நாளை மாலைக்குள் கனமான பொட்டு கட்டாயம். அரண்மனையும் இதற்கு விலக்கல்ல.

ஒன்பதாம் நாள் சுகவனம் ஆணையை நாவலேரியில் படித்தார். உத்திராபதி மண்ணைப் பார்த்தான். காத்தாயி மட்டும் கேட்டாள்.

"எந்த எடத்துல வைக்கணும்னு போட்டிருக்காங்கய்யா?"

சுகவனம் ஆணையை மேலிருந்து கீழே படித்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். "போடலையேம்மா" என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அது ஆணைக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை.

காத்தாயி சந்தனத்தைக் குழைத்து, கண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளி, கனமாக, லட்சணமாகப் பொட்டு வைத்தாள். மற்ற ஊர்களுக்கும் எழுதினாள். இம்முறை பத்து நிமிடம்தான் ஆனது.

அதே மாலை அகண்டவர்மர், நாட்டுக்கே வழிகாட்ட வேண்டும் என்று, அரண்மனைக் கணினிக்குத் தம் கையாலேயே பொட்டு வைத்தார். முத்துநாவலர் நட்டநடு இடத்தைக் காட்டிக்கொடுத்தார். பிறகு மன்னர் நிமிர்ந்து அரியணையில் அமர்ந்து திரையைப் பார்த்தார்.

"எதிரில் ஆள் இல்லை" என்றது கணினி.

மன்னர் கனைத்தார். அது மறுபடியும் சொன்னது. மாவு பூசிக்கொண்டு வந்தார். மூன்றாம் முறையும் சொன்னது. சட்டம் சட்டம்தான். அரண்மனை மதகுகள் தாமாகவே இறங்கின. நீரூற்று இருமிவிட்டு நின்றது. ஆறு திரும்பி, ஆள் இருக்கும் இடங்களைத் தேடிக்கொண்டு போனது.

பத்தாம் நாள் விடிந்தபோது காத்தாயியின் வயலில் தண்ணீர் சலசலத்தது. அவள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து மடையை வெட்டினாள். அகலமாக வெட்டிவிட்டாள் என்று பக்கத்து வயல்காரன் உத்திராபதியைத் திட்டத் தொடங்கினான். ஊர் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அரண்மனையிலிருந்து சுகவனத்துக்கு ஓர் ஓலை வந்தது. அத்துடன் அரண்மனைக் கணினியின் படம் இணைக்கப்பட்டிருந்தது. மன்னர் இருந்தும் இல்லாமல் இருக்கிறார், பொட்டு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். சுகவனம் படத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே காத்தாயியின் நெல் தலைசாய்ந்து நின்றது.

'மிகச் சரியான இடம். வெள்ளிதோறும் புதுப்பிக்கவும்' என்று பதில் எழுதினார்.