குறுக்கிடாத கேமராவும் ஒரு துடைப்பமும்

இந்த வருஷம் துடைப்பத்தைத் தொடுவதில்லை என்று ஐவிந்த் முடிவு செய்துவிட்டான்.

த்ரோண்ட்ஹெய்ம் நகரத்தில் பனி உருகியதும் ஒரு சனிக்கிழமை, குடியிருப்பில் எல்லாரும் கூடி முற்றத்தைச் சுத்தம் செய்வார்கள். 'டுக்னாட்' என்று பெயர். கட்டாயமில்லை. ஆனால் வராதவரைப் பற்றி அடுத்த டுக்னாட் வரை பேசுவார்கள். பனியில் வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் கொட்டிய சரளைக்கல்லைப் பெருக்க வேண்டும். ஐவிந்தின் முதுகு போன வருஷத்துச் சரளையையே இன்னும் மறக்கவில்லை.

அவன் பல்கலைக்கழகத்தில் ஆவணப்படக் கோட்பாடு நடத்துகிறவன். கோட்பாடு கைகொடுத்தது.

"தூரிட், நாளைக்கு டுக்னாட்டைப் படம் எடுக்கப்போறேன்," என்றான் மனைவியிடம்.

"எடு. பெருக்கிட்டு எடு."

"ஐயையோ! நடக்கிறதை நடக்கிறபடி எடுக்கணும். எடுக்கிறவன் எதிலயும் குறுக்கிடக் கூடாது. ஒரு கல்லை நகர்த்தினாலும் உண்மை கெட்டுப்போகும்!"

"அடேயப்பா!" என்றாள் தூரிட். அதற்குமேல் சண்டை போடவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் முற்றத்தில் நாற்பது பேர் குனிந்து பெருக்கினார்கள். ஐவிந்த் மட்டும் கேமராவோடு நிமிர்ந்து நின்றான். நாற்பது பேரும் அவனையே பார்த்தார்கள்.

"என்னப்பா, கை சுளுக்கா?" என்று கத்தினார் குடியிருப்புத் தலைவர் ஓட்வார்.

"என்னைப் பார்க்காதீங்க! நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க!"

"அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கோம்!"

தூரிட் பக்கத்தில் வந்தாள். "எடுக்கிறவன் யார் கண்ணுலயும் படக் கூடாது. அதானே உன் கோட்பாடு?"

"ஆமா."

"எல்லாரும் வேலையை விட்டுட்டு உன்னையே பார்க்கிறாங்களே! இங்க கண்ணுல படாம இருக்க ஒரே வழிதான்." துடைப்பத்தை நீட்டினாள்.

பன்னிரண்டு வருஷமாகத் தானே நடத்திய பாடம். துடைப்பத்தை வாங்கிக்கொண்டான்.

"அப்ப கேமரா?"

"என்கிட்ட குடு."

"உன்னைப் பார்க்கமாட்டாங்களா?"

"நீ பெருக்குறதை வேடிக்கை பார்க்கவே அவங்களுக்கு நேரம் போதாது."

ஒன்றரை மணி நேரம் பெருக்கினான். வாசலிலிருந்து சைக்கிள் கொட்டகை வரை ஒரு கல் மிச்சமில்லை. தூரிட் பெஞ்சில் உட்கார்ந்தபடி கேமராவைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐவிந்த், நான் பட்டனை அழுத்தவே இல்ல போலிருக்கு. இன்னொரு தடவை பண்ணேன்."

"முடியாது! நடந்து முடிஞ்சதை மறுபடி நடிச்சா அது பொய்!"

"நீ எதுக்கு நடிக்கணும்? நிஜமாவே பெருக்கு."

ஓட்வார் போய், பெருக்கிய சரளையைத் தள்ளுவண்டி நிறையக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார்.